அறுபது வரை

அவளை முதல் வரிசையில் உட்காரச் சொன்னார்கள். மூன்றாவதில்தான் உட்கார்ந்தாள். அண்ணன் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்க்க அவளுக்குப் பிடிக்காது.

தூத்துக்குடியின் கடல் வரலாற்றுக்கு ஒரு அருங்காட்சியகம். இன்று திறப்பு விழா. உள்ளே நங்கூரம், பாய்மரம், முத்து, சங்கு. உயிரோடு இருக்கிற காட்சிப்பொருள் அண்ணன் கஸ்பார் ஒருவன்தான்.

சால்வை போர்த்தினார்கள். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்களின் பழைய கயிறு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மைக்கைக் கண்டதும் அவனுக்கு வாய் காது வரை போனது.

"குளிக்கிறவன் இடுப்புல ஒரு முனை, வள்ளத்துல நிக்கிறவன் கையில ஒரு முனை. மச்சான்தான் பிடிக்கணும். தங்கச்சி தாலிய எந்த அண்ணன் அறுப்பான்?"

கைதட்டினார்கள்.

அவள் தட்டவில்லை.

நாற்பது வருடத்துக்கு முன் அவள் புருஷன் இன்னாசியின் கயிற்றைப் பிடித்திருந்தவன் இவன்தான். இன்னாசி பிணமாகத்தான் மேலே வந்தான். தூக்கச் சொல்லி இன்னாசி கயிற்றை இழுத்துக் காட்டவே இல்லை என்று மாதா கோயில் படியில் நின்று கஸ்பார் சத்தியம் செய்தான். அதற்கு முந்தின நாள்தான் இன்னாசி அவனைக் கரையில் எல்லார் முன்னாலும் அறைந்திருந்தான். ஊர் ஒரு மாதிரியாகப் பேசியது. பேசியவர்கள் மேல் அவள் மண்ணை வாரித் தூற்றினாள். கூடப்பிறந்தவன் ஆயிற்றே.

சந்தேகம் மட்டும் தொண்டையில் மீன் முள்ளாக நின்றுவிட்டது.

பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி கேட்டாள், கீழே இருப்பவர் கயிற்றை இழுக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று.

கஸ்பார் சிரித்தான்.

"இழுப்பானான்னு பாத்துக்கிட்டா இருப்போம்? மூச்சு முட்டுனா அவனுக்குக் கை வராதும்மா. நாங்க எண்ணிக்கிட்டே இருப்போம். அறுவது. அதுக்கு மேல ஒண்ணு எண்ணுனாலும் பாவம். தூக்கிருவோம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குத் தங்கச்சியின் நினைப்பு வந்தது. கண் வரிசை வரிசையாகத் தேடியது.

அவள் எழுந்து நின்றிருந்தாள். பாவி, பாவி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயில் வந்தது வேறு.

"ஒண்ணு."

"ரெண்டு."

நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்துக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. உற்சாகமாக எண்ணியது. முப்பதில் கஸ்பாருக்கு வேர்த்தது. ஐம்பதில் சால்வை நழுவிக் கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

அறுபது என்று கத்திவிட்டுக் கூட்டம் கைதட்டியது.

அவள் அவன் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுவத்தொண்ணு" என்றாள்.