அன்னங்கள் தரைதட்டிய நாள்

குளத்தின் அடியில் விரித்திருந்த றப்பர் விரிப்பை யாரோ இரவில் நீளத்துக்குக் கிழித்துவிட்டார்கள். தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிவிட, அன்னப் படகுகள் சேற்றில் சரிந்து கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை வேறு. பண்டத்தரிப்பிலிருந்து பிள்ளைகளோடு படகு ஓட வந்தவர்கள் ஐஸ்கிறீம் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

குளச் சபைத் தலைவர் கனகசபாபதி கரையில் நின்று கொதித்தார். விரிப்பு அவருடைய யோசனை. முன்பு மாரித் தண்ணீர் சித்திரைக்குள் வற்றிவிடும். விரிப்புப் போட்ட பிறகு வருடம் முழுக்கப் படகு ஓடியது. வெளிநாட்டுக்காரர் வந்து படம் எடுத்தார்கள். தலைவருக்கு மாலை விழுந்தது.

ஆனால் நிலத்துக்குள் தண்ணீர் ஊறாததால் சுற்றியிருந்த கிணறுகள் வற்றிப்போயின. ஊருக்குப் பவுசர் வண்டியில் தண்ணீர் வந்தது. தோட்டம் செய்யும் சண்முகநாதன் இதைக் கூட்டத்தில் சொல்லப்போக, முன்னேற்றத்தைக் கண்டால் சிலருக்கு வயிறெரியும் என்று சொல்லித் தலைவர் அவரை இருத்திவிட்டார்.

இன்று சண்முகநாதன் பின்னால் நின்று முணுமுணுத்தார்.

"அன்னத்துக்குத் தண்ணி, சனத்துக்குப் பவுசர். ஆர் வெட்டினவனோ, அவன்ரை கை நல்லாயிருக்கட்டும்."

சிலர் சிரித்தார்கள். தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. படகுகளைப் பார்த்துக்கொள்ளும் சிவதர்ஷனைக் கூப்பிட்டார். இரண்டு பிள்ளைகளின் தகப்பன் அவன்.

"வாசல் பூட்டின்ரை திறப்பு உன்னட்டைத்தானே இருக்கு?"

"ஓம் ஐயா. ஆனால் நான் வெட்டேல்லை. உந்த வேலையை விட்டால் எனக்கு வேறை வழியில்லை."

"திறப்பைத் தா. நாளைக்கு வராதை."

சிவதர்ஷன் திறப்புக் கொத்தைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தான். அன்று காலை கிணற்றில் தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தோடு வந்து நின்றவர்கள்தான் எல்லோரும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவனுக்காகக் கதைக்கப் போனால், வெட்டியது தாங்கள்தான் என்று ஆகிவிடுமே. சண்முகநாதனுக்கும் திடீரென்று வீட்டில் வேலை இருந்தது.

கனகசபாபதி வீட்டுக்கு வந்தபோது, மனைவி உதயகலா கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வற்றிக்கிடந்த அவர்களுடைய கிணறும் ஊறியிருந்தது. கணவரின் கையில் திறப்பைக் கண்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"பாவம், அவனுக்குக் காணியுமில்லை, கிணறுமில்லை. அவன் ஏனப்பா வெட்டப்போறான்?"

"அவன் வெட்டேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே நிப்பாட்டினியள்?"

கனகசபாபதி வாளித் தண்ணீரை எடுத்துக் காலில் ஊற்றிக்கொண்டார்.

"பின்னை? வெட்டினது நான்தான் எண்டு சொன்னால், விரிப்புப் போட்டது பிழை எண்டும் எல்லே சொல்லவேணும்."