வறுக வறுக

'திறந்தவெளி' என்று கம்பெனி பெயர் சூட்டிய பிரவுசரில், அந்தக் கம்பெனியிடம் சான்று வாங்காத இணையப் பக்கம் எதுவும் திறக்காது. வேறு பிரவுசரும் இப்போது கிடையாது. காலமான கணவர் சபாபதி, சாத்தூர்க் காராச்சேவுக் கடைக்காக இரண்டு விரலால் தட்டித் தட்டிச் செய்த இணையப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்துவிட, மரகதம் அந்தக் கம்பெனி அலுவலகத்துக்கு நான்கு மாதம் நடந்தாள்.

பக்கத்தின் உச்சியில் 'வருக வருக' என்பதை 'வறுக வறுக' என்று எழுதியிருந்தார் மனுஷன். வாடிக்கையாளர்கள் போன் போட்டே கேலி செய்தார்கள். அவளும் சிரித்தால், "சேவுக் கடைக்குப் பொருத்தமாத்தானடி இருக்கு" என்பார். கடைசிவரை மாற்றவில்லை.

இன்று சான்று அதிகாரி எழுந்து நின்றே கைகூப்பினார்.

"உங்க பக்கம் பாஸாயிருச்சும்மா. ஒரே ஒரு எழுத்துப் பிழை. அதையும் நாங்களே திருத்திட்டோம்."

திரை திறந்தது. 'வருக வருக' என்றது.

"பழசு இருக்காய்யா?"

"தப்பானதை நாங்க வச்சிக்கிறதில்லம்மா. ஏன், வரவேற்பு இப்ப சரியாத்தான இருக்கு?"

மரகதம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வரவேற்பு சரியாத்தான்யா இருக்கு. கூப்பிடறதுதான் யாருன்னு தெரியல."