பேர் கனம்

மழை விட்ட மாலங் நகரத்துச் சாயங்கால வெயில் கண்ணாடிப் பெட்டியின் மேல் மஞ்சளாய்ச் சாய்ந்திருக்கிறது. உள்ளே, லஸ்த்ரி ஆசையாய் வளர்க்கும் மலைப்பாம்பு மகாராணி, எட்டு நாளாகத் தண்ணீர்ச் சட்டிக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கிறாள். வைத்த எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேரு கனம் தாங்கல இவளுக்கு. நோஞ்சான் பிள்ளைக்குப் பேர மாத்துற மாதிரி இவளுக்கும் இன்னிக்கே மாத்திடுவோம்," என்கிற லஸ்த்ரியின் கையில் பெயர் மாற்றும் சடங்குக்கான இரண்டு கிண்ணங்கள் ஆவி விடுகின்றன, ஒன்றில் கருப்பட்டி போட்ட சிவப்புக் கஞ்சி, மற்றதில் தேங்காய்ப்பால் விட்ட வெள்ளைக் கஞ்சி. "பாம்புக்குப் பேர் வைக்கிற விருந்தா? தெருவே சிரிக்கும்டி," என்றபடி புருஷன் சுகார்யோ சட்டியை மெல்லத் தூக்குகிறான். மகாராணி பெட்டிக்குள் கிடக்கும் கல்லில் மூக்கைத் தேய்க்கிறாள். உதட்டோரம் பிரிந்த பழைய தோல் காலுறைபோலப் பின்னோக்கிச் சுருள, அதற்குள்ளிருந்து பழுப்பும் பொன்னுமாய் ஈரம் மின்னுகிறது. "அடியே, சட்டை உரிக்கிறா! கண்ணு மங்கிப்போயிருக்கும், அந்தப் பயத்துலதான் இத்தன நாளா ஒளிஞ்சிருக்கா," என்று கிசுகிசுக்கிறான் அவன். லஸ்த்ரி கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியோரம் குனிகிறாள். கருப்பட்டி வாசனை அறையெல்லாம் பரவுகிறது. "அப்ப இந்தக் கஞ்சி?" என்று கேட்டவன் கையில் கரண்டியைத் திணிக்கிறாள். "நா பேரத்தான் மாத்த நெனச்சேன், அவ தோலையே மாத்திக்கிட்டா. மகாராணியாவே இருக்கட்டும். நீங்க சாப்பிடுங்க."