டர்க்கைஸ் மாலை

“இண்டைக்கு ஒருநாள் மட்டும் தாங்கோ. நாளைக்குக் காலமை கொண்டுவந்து வைச்சிடுறன்.”

லண்டன் ஃபாரஸ்ட் கேட் அடகுக்கடையில் சுசிலாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனோர் பார்க் கோயிலில் கலியாணம், முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளியில் வானநீல டர்க்கைஸ் கற்கள் பதித்த அந்த மாலையோ கடைக்காரர் வாமதேவனின் கையில் மின்னியது. அமெரிக்காவின் நவஹோ மக்கள் கைப்படச் செய்த மாலை.

“மீட்காத நகை பெட்டகத்தை விட்டு வெளியில போகாது,” என்றார் வாமதேவன்.

“அங்க எல்லாரும் தங்கத்தோடதான் வருவினம். இதைப் போட்டுக்கொண்டு போனால் மணப்பொம்பிளையைக்கூட ஒருத்தரும் பாக்காயினம்.”

“அதுக்காக?”

“நவஹோ சனத்தின்ர ஊரில நல்லநாள் பெருநாள் எண்டால், அடகில இருக்கிற நகையைப் போடக் குடுப்பினமாம். சடங்கு முடிய வாங்கினவையளும் நாணயமாய்க் கொண்டுவந்து வைப்பினமாம். நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

வாமதேவன் யோசித்தார். சுசிலா ஆசையோடு கழுத்தை நீட்டினாள். அவர் மாலையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்.

“சொன்னனான்தான். ஆனால் அடகு வைச்ச ஆளுக்குத்தான் குடுப்பினம். அடகுக்கடைக்காரன்ர பெண்சாதிக்கு இல்லையப்பா.”