நாலு கிலோமீட்டர்

பைக்கின் முன் சீட்டில் உட்கார்ந்ததும் சாலை அவனுக்குப் புதிதாக இருந்தது.

எதிரே முதுகு இல்லை.

இரண்டு வருடமாக இந்த வண்டியிலிருந்து அவன் பார்த்ததெல்லாம் முதுகுதான். டெஸ்ட் ரைடுக்கு வருகிறவர் ஓட்டுவார். ஷோரூம் ஆள் என்ற முறையில் அவன் பின்னால் தொற்றிக்கொண்டு வண்டியின் பெருமையை அவர் காதில் ஓதிக்கொண்டே வருவான். வியர்த்த முதுகு, சென்ட் அடித்த முதுகு, பெண் பார்க்கப் போவதுபோல் இஸ்திரி போட்டு வந்த முதுகு. அவனாக ஓட்டுவது என்றால், காலையில் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவதோடு சரி.

ஷோரூமிலிருந்து பெட்ரோல் பங்க் வரை இரண்டு கிலோமீட்டர். பங்க்குக்கு எதிரே, சாலை நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் ஒரு இடைவெளி. அங்கே திரும்பி வர இரண்டு.

அதற்கு மேல் ஓர் அடி கூடாது.

சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருந்தார்கள். வண்டி எல்லை தாண்டினால் மேனேஜர் தனபாலின் போன் அலறும். ஒருமுறை ஒருவர் ஆசை தாங்காமல் இருநூறு மீட்டர் தாண்டிவிட்டார். விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தது அவன்தான்.

இடைவெளியைத் தாண்டி நேரே போனால் அடிவாரம். பிறகு ஏற்காடு மலை.

அந்த மலையைக் காட்டித்தான் வியாபாரமே. எடை குறைவு, சேற்றில் சாய்ந்தாலும் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்திவிடலாம், காபித் தோட்டத்து மண் பாதையில் இரண்டாவது கியரிலேயே ஏறும், திங்கட்கிழமை அதே வண்டியில் ஆபீசுக்கும் போகலாம் என்று மூச்சு விடாமல் சொல்வான். கேட்டவர்களில் பாதிப் பேர் மைலேஜ் எவ்வளவு என்றார்கள். மீதிப் பேர் சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க சாரி கார்டு மாட்ட முடியுமா என்றார்கள்.

ஒரே ஒருத்தி மட்டும் வேறு கேட்டாள். மலை மேல் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"நீங்க இதுல மேல ஏறியிருக்கீங்களாண்ணா?"

"எத்தனையோ தடவைங்க."

வாய் கூசாமல் சொன்னான். அவன் மலை ஏறியது பஸ்ஸில். அதுவும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தபடி.

அவள் நம்பி வாங்கினாள். சர்வீசுக்கு வரும்போதெல்லாம் அவளுடைய வண்டியின் சக்கரத்தில் செம்மண் அப்பியிருக்கும். அவனைப் பார்த்துச் சிரித்து, "நீங்க சொன்ன மாதிரியேதாண்ணா ஏறுது" என்பாள்.

அந்த மண்ணைப் பார்க்கும்போது அவனுக்கு வெட்கமாக இருக்கும். வெட்கத்தைவிடப் பொறாமை கொஞ்சம் கூடுதல்.

ஒரு தடவை ஏறிவிட்டால் போதும். சொன்னது பொய்யில்லை என்றாகிவிடும்.

இந்த வண்டி விற்றாகிவிட்டது. இன்றோடு அவன் கையை விட்டுப் போகிறது. காலையில் தனபாலே சீட்டைக் கழற்றிப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். சாவியை அவன் பக்கம் தள்ளினார்.

"பன்னெண்டு மணிக்குப் பார்ட்டி வந்துரும். அதுக்குள்ள ஒருக்கா மேல போயிட்டு வந்துரு. ரெண்டு வருசமா வாயாலயேதான் ஏத்திட்டிருக்க."

அவன் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

மீட்டரில் 7,412. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போய்த் திரும்புகிற தூரம். எல்லாம் இந்த நாலு கிலோமீட்டரில் ஓடியது.

மண் பாதைக்கென்று ஹேண்டில்பாரில் தனியாக ஒரு பட்டன் உண்டு. அதன் மேல் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இன்னும் அப்படியே இருந்தது. ஷோரூம் வாசலில் விரல் வைத்தவன், எடுத்துவிட்டான். மேலே போய் உரித்துக்கொள்ளலாம்.

கியர் மாற்றினான். காற்று நேராக நெஞ்சில் வந்து மோதியது.

இத்தனை நாளும் இந்தக் காற்றை யாரோ வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வேகத்தடையில் எழுந்து நின்றபடியே ஓட்டினான். எல்லாரிடமும் அப்படித்தான் ஓட்டச் சொல்வான். வண்டி குதித்து இறங்கியது. முதுகுத்தண்டுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அடடா, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறோம் என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தான்.

டயர் கடை போனது. கல்யாண மண்டபம் போனது.

மலை நெருங்கி வந்தது. அதன் இடுப்பில் சாலை வெட்டிய கோடு தெரிந்தது. அதற்கு மேல் மேகம்.

இன்னும் அரை மணி நேரத்தில் அந்த மேகத்துக்குள் இருப்பான். நர்ஸ் அடுத்த முறை வரும்போது தன் வண்டியிலும் மண் இருந்தது என்று சொல்லலாம். கழுவாமலேயே பார்ட்டியிடம் கொடுத்துவிட வேண்டும்.

பெட்ரோல் பங்க் வந்தது.

"சார், இங்க திருப்பிக்கலாம்."

மிக மரியாதையான குரல். காதுக்கு அருகில் கேட்டது.

அவனுடையதுதான்.

பின் சீட்டில் யாருமில்லை. இருந்தும் அவன் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

வேகம் குறைந்திருந்தது. வலது பக்க இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. எப்போது போட்டான் என்று தெரியவில்லை. இத்தனை பேர் தட்டாமல் கேட்ட பேச்சு. அவன் கையும் கேட்டிருந்தது.

வண்டி இடைவெளியின் வாயில் நின்றது. முன்சக்கரம் பாதி திரும்பியிருந்தது.

இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேரே போக வேண்டியதுதான். பெட்டி இல்லை. போன் அலறாது. யார் தடுக்கப்போகிறார்கள்?

கட்டைவிரல் அசையவில்லை.

மலையிலிருந்து இறங்கி வந்த பஸ் ஒன்று எதிர்ச் சாலையில் வேகம் குறைத்தது. நின்றேவிட்டது. டிரைவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிரித்த முகத்தோடு கையை ஆட்டினார். திரும்பிக்கோ, திரும்பிக்கோ.

இரண்டு வருடத்தில் அந்த இடத்தில் யாரும் அவனுக்காக நின்று வழிவிட்டதே இல்லை.