பெக்காவுக்கு மூன்று பேர்

பெய்ரூத் வீட்டு பால்கனியில் மேசையருகே ஒடெட், கம்பியோரம் கணவர் வதீஹ், நடுவில் நாத்தனார் ஜமீலா. காலை வெயில் காப்பிக் கோப்பைகளில் கிடக்கிறது. ஞாயிறன்று பெக்கா பள்ளத்தாக்கில் ஒயின் ருசிக்கப் போக, ஒடெட் அங்குள்ள ஒயின் ஆலைக்குக் கடிதம் எழுதி மூன்று பேருக்கு இடம் கேட்கிறாள். அந்த ஆலையில் பதிவு எழுதி, ஊற்றிக் கொடுப்பவன் அவள் மகன் ஷாதி. இரண்டு வருடமாகப் பேச்சில்லை. போனில் அவள் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறான். "என் பேரைப் போடுங்க அண்ணி. உங்க பேரைப் பாத்தா அன்னிக்கு லீவு போட்டுடுவான்," என்கிறாள் ஜமீலா. "அப்படியே உன் அண்ணிக்கு மீசையும் ஒட்டிவிடு," என்கிறார் வதீஹ். கீழே, பெக்காவுக்குக் கடிதம் கொண்டுபோகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். பேனா நின்ற இடத்தில் மை ஊறிப் பரவுகிறது. "அவன் அங்க நிக்கிறதுன்னா, நான் வர்றது தெரிஞ்சே நிக்கட்டும்," என்கிறாள் ஒடெட். தன் பெயரையே எழுதி, உறையை ஒட்டி, கயிறு கட்டிய கூடையில் வைத்துப் பால்கனியிலிருந்து கீழே இறக்குகிறாள். வேன்காரர் கடிதத்தை எடுத்துக்கொண்டு போன பிறகும் கயிற்றை இழுக்காமல் நிற்கிறாள்.