அதிராத இடம்

தம்பியின் கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிகள் இரண்டும் அதிர அதிர, தமயந்தியின் குழந்தை வீரிட்டு அழுதது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தவள் மண்டபத்தின் நட்டநடுவில் நின்றுவிட்டாள். அங்கே பாட்டு கேட்டது; நெஞ்சை இடிக்கிற தடதடப்பு மட்டும் இல்லை. அங்கேயே உட்கார்ந்தாள். குழந்தை தூங்கிவிட்டது.

சவுண்ட் சர்வீஸ் ஜோதிராஜ் காதைச் சாய்த்தபடி வந்தார். "ஆம்ப்ளிஃபயர்லேர்ந்து ஒரு பாக்ஸுக்கு ப்ளஸ் மைனஸ மாத்திக் குடுத்துட்டேன்மா. ரெண்டு பாக்ஸும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்குது, அதான் நடுவுல பேஸ், அந்தத் தடதடப்பே இல்ல. இப்ப சரி பண்ணிடறேன்."

தமயந்தி குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டாள். அவர் ஒருகணம் பார்த்துவிட்டுப் போனார்.

அதிர்வு வரவில்லை. அவர்தான் திரும்பி வந்தார், கையில் ஒரு நாற்காலி, பின்னால் இன்னொரு கைக்குழந்தைக்காரி.

"இதுவும் கொஞ்சம் தூங்கட்டும்மா."

தமயந்தியால் கும்பிட முடியவில்லை. இரண்டு கைகளும் குழந்தையைத் தாங்கியிருந்தன.